திருப்பிப் போட்ட கைகள்

பண்டத்தரிப்பு ஏரம்பு, ஞானாம்பிகை தம்பதியருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவள் கேதீஸ்வரி. அவளுக்குப் பத்து ஆண்டுகள் பின்னே பிறந்தவன் சிவகரன். ஞானாம்பிகை காலமாகி இப்போது சில வருடங்கள் ஆகின்றன. கேதீஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது, மணமாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு உறவினர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விளக்கம் உண்டு. அவளிடம் மட்டும் இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பல்கலைக்கழகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் வாயிலில், அவள் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். ஆய்வேடு அச்சடிப்பது, கட்டுவது, விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பது என்று நாள் முழுவதும் நின்றபடியே செய்யும் வேலை. மாணவர்கள் எல்லாரும் கடைசி நாளிலேயே வருவார்கள். வந்ததும் அவசரப்படுவார்கள். அவர்களுடைய அவசரம் எல்லாம் சேர்ந்து மாலையில் கேதீஸ்வரியின் முழங்காலில் வந்து நிற்கும். இயந்திரத்தின் சூடு கைகளிலே ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போனாலும் அந்தச் சூடு இறங்கச் சற்று நேரமாகும்.

சிவகரன் கொழும்பில் கட்டட வேலை செய்யும் கம்பனி ஒன்றில் அளவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன். நாட்டிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நீண்ட வருடத்தில் சீமெந்து வேலைகள் எல்லாம் பாதியில் நின்றன. அவனும் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். பிறகு வேலைக்குக் கட்டாருக்குப் போக முயன்றான், சரிவரவில்லை. அரசாங்க வேலைக்கு எழுதினான், வயது கடந்துவிட்டது என்றார்கள். பேசி வந்த கலியாணம் ஒன்றும், மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார் என்ற கேள்வியோடு நின்றுபோயிற்று. அதன்பின் அக்காவின் கடையிலே பழுதாகும் இயந்திரங்களைத் திருத்துவதும், அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவதுமே அவன் தொழிலாயின. யாரும் அவனைக் குறைசொல்லவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய பாரமாயிருந்தது என்று கேதீஸ்வரி நினைப்பாள்.

அட்டை விளையாட்டு அந்தக் கடைக்குள் வந்தது அருட்செல்வனால். அவர் கணித ஆசிரியர், சிவகரனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய தங்கையின் பிள்ளைகள், விலங்குகளும் வீரர்களும் அச்சிட்ட வண்ண அட்டைகளை இரண்டு பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனார்கள். வெளிநாடுகளிலே பெரியவர்களும் பணம் கொடுத்து வாங்கி, ஒருவரோடொருவர் மாற்றி, தமக்கென்று அறுபது அட்டைகளைத் தெரிந்தெடுத்து ஒரு கட்டாக்கி, அந்தக் கட்டோடு போட்டியிடும் விளையாட்டு அது. சிறிய அட்டைகளை உடனே இறக்கலாம், பெரிய அட்டையை இறக்கச் சிறியவை முன்னே இறங்கியிருக்கவேண்டும். எந்த அட்டையை வைப்பது, எதை எடுப்பது என்பதிலேதான் பாதி விளையாட்டு.

கடையின் பின்னறையில் ஆய்வேடு கட்டும் மேசை ஒன்று உண்டு. புதனும் சனியும் மாலையில் அதை ஒதுக்கிவிட்டு நால்வர் உட்காருவார்கள்: சிவகரன், அருட்செல்வன், வங்கியில் வேலைசெய்யும் பிரகாஸ், பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராயிருக்கும் கோபிகா. கோபிகா கொழும்புத்துறையிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள். நால்வரிலும் இளையவள், வாயும் அவளுக்கே அதிகம். அவளுடைய கட்டு மெதுவாக நகர்ந்து மெதுவாகவே வெல்வது. ஆகையால் அதற்கு ஆமை என்று பெயர் விழுந்தது.

"ஆமை வருது, விலகுங்கோ" என்றுதான் அவள் அட்டைகளை எடுத்து வைப்பாள்.

"உது வந்து சேர நாங்கள் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வரலாம்" என்பான் பிரகாஸ்.

"போங்கோ அண்ணை. வரேக்கை எனக்கும் ரெண்டு றோல்ஸ் வாங்கிக்கொண்டு வாங்கோ. அதுக்கிடையிலை உங்களைத் தோற்கடிச்சு வைக்கிறன்."

கேதீஸ்வரி விளையாடுவதில்லை. கடையை அடைக்கும் வரை அவள் எப்படியும் அங்கே இருக்கவேண்டியவள். முதல் மாதத்திலேயே நால்வருக்குள்ளும் யார் எத்தனை வென்றது என்று வாக்குவாதம் எழுந்தது. அன்று கணினியிலே ஒரு கணக்குத் தாளைத் திறந்து, "நான் எழுதுறன், நீங்கள் கத்தாதேங்கோ" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. நாள், எந்தக் கட்டுக்கு எதிராக எந்தக் கட்டு, யார் முதல் ஆடியது, யார் வென்றது, எத்தனை முறை மாறி மாறி ஆடிய பின் வென்றது என்று நிரல் நிரலாக எழுதினாள். யாராவது தம் கட்டிலே அட்டை ஒன்றை மாற்றினால் அந்த நாளிலே நிறம் போட்டு வைப்பாள். மாற்றத்துக்கு முன்னே நூற்றுக்கு எத்தனை வெற்றி, பின்னே எத்தனை என்று கேட்டால் உடனே சொல்லுவாள்.

"சேர், இண்டைக்கு நீங்கள் முதல்" என்பாள் கோபிகா அருட்செல்வனிடம்.

"போன தரமும் நான்தானே முதல்? அக்கா, ஒருக்காப் பாருங்கோ."

"போன தரம் பிரகாஸ் முதல்" என்பாள் கேதீஸ்வரி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பொய்" என்பான் பிரகாஸ்.

"எழுதியிருக்கு."

"எழுதியிருந்தால் சரி."

அந்த வார்த்தையைக் கேட்கும்போது அவளுக்குச் சிறு ஆறுதல் உண்டாகும். பகல் முழுவதும் மற்றவர்களுடைய எழுத்தை ஆயிரக்கணக்கில் பிரதி எடுப்பவள். மாலையில் அவள் எழுதிய ஒன்றை நாலு பேர் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

தாளின்படி சிவகரனின் கட்டு முன்னணியில் நின்றது. செந்நிற விலங்குகள் நிறைந்த அந்தக் கட்டுக்கு நெருப்பு என்று பெயர். தொடக்கத்தில் அது பாதிக்குப் பாதிதான் வென்றது. பிறகு சிறிய அட்டை ஒன்றை எடுத்துவிட்டுப் பெரிய அட்டை ஒன்றை வைத்தான், வெற்றி ஏறியது. இன்னொன்றை மாற்றினான், மேலும் ஏறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னே, "அக்கா, என்ன சொல்லுது?" என்று கேட்பான். அவள் சொல்லுவாள். ஒரு வருடத்துக்குள் அது நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. கோபிகாவின் ஆமை ஐம்பத்தொன்பதில் அசையாமல் கிடந்தது. மற்ற இரண்டும் அதற்கும் கீழே.

ஐப்பசி மாதத்தில், கொழும்பில் இந்த விளையாட்டை நடத்தும் குழுவினரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாடளாவிய போட்டி ஒன்று நடக்கப்போகிறது. யாழ்ப்பாணக் குழுவுக்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் ஒரு பெயரை அனுப்பவேண்டும்.

"சண்டை வேண்டாம்" என்றார் அருட்செல்வன். "அக்காவின்ரை கணக்கு ஆரைச் சொல்லுதோ, அவர் போகட்டும்."

"ஓம்" என்றான் பிரகாஸ். "நான் எப்படியும் போகப்போறதில்லை. எனக்கு லீவும் இல்லை, வெற்றியும் இல்லை."

"நெருப்புத்தான் போகவேணும்" என்றாள் கோபிகா. "ஆமை நடந்து கொழும்புக்குப் போய்ச் சேராது."

அப்படி முடிவாயிற்று. பெயரை அனுப்புவது மட்டும் கடைசிச் சனிக்கிழமைக்கு விடப்பட்டது.

அதன் பின் சிவகரனிலே தோன்றிய மாற்றத்தைக் கேதீஸ்வரி ஒவ்வொன்றாகக் கவனித்தாள். அவள் தட்டி எழுப்பாமல் எழும்பினான். சட்டையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினான். தகப்பனோடு இரண்டு வார்த்தை கூடக் கதைத்தான். சொந்தத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒருவர் வழக்கம்போல, "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்குச் சிவகரன் தண்ணீர் குடிக்க எழும்பிப் போவான். அன்று உட்கார்ந்தபடியே, "கொழும்பிலை ஒரு போட்டிக்குப் போறன், சித்தப்பா. யாழ்ப்பாணத்திலையிருந்து ஒராள்தான்" என்றான். என்ன போட்டி என்று அவர் கேட்கவில்லை. அதுவும் நல்லதாயிற்று. ஆனால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது மாறிவிட்டதை, பந்தியில் வடை வைத்துக்கொண்டு நின்ற கேதீஸ்வரி கேட்டாள்.

அடுத்த கிழமை போட்டி விதிகள் வந்தன. அச்சடித்து நாலு பிரதி எடுக்கும்படி சிவகரன் சொன்னான். முதற் பிரதியிலே பக்கத்தின் அடிவரி வெட்டுப்பட்டது. அளவைச் சரிசெய்வதற்காகக் கேதீஸ்வரி அந்த அடிவரியை உற்றுப் பார்க்கவேண்டியதாயிற்று. பார்த்தவள் படித்தாள். தொடக்கத்தில் ஏழு அட்டைகள் எடுக்கவேண்டும். அந்தக் கையிலே இறக்கக்கூடியதாக ஒன்றுமில்லாவிட்டால் ஒரேயொரு தடவை கையை மாற்றலாம். மாற்றினால் எதிராளிக்கு மேலதிகமாக இரண்டு அட்டைகள் கிடைக்கும். இரண்டாவது கை எப்படியிருந்தாலும் அதனோடேயே ஆடித் தீரவேண்டும்.

அவள் அளவைச் சரிசெய்து நாலு பிரதியும் எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வெளியே இரண்டு மாணவர்கள் ஆய்வேட்டோடு நின்றார்கள்.

அது தோன்றியது ஞாயிறு மத்தியானம், வீட்டிலே, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. தகப்பன் ஏரம்பர் வாசிகசாலையிலிருந்து வந்தார். வயது எழுபத்தெட்டு. ஞாயிறு காலையிலே அங்கே முந்நூற்று நாலு என்னும் சீட்டாட்டம் ஆடாவிட்டால் அவருக்குக் கிழமை பிறப்பதில்லை. ஆடிவிட்டு வந்தாலோ, கூட ஆடியவர்களை வைது முடிக்காமல் சோறு இறங்காது.

"உவன் முத்துக்குமாரு இருக்கிறானே" என்றார் கை கழுவிக்கொண்டு. "நாலு தரம் திருப்பிப் போட வைச்சிட்டான். கையிலை ஒண்டுமில்லையாம். கடதாசியைக் குலுக்கிக் குலுக்கியே காலமை முடிஞ்சுது."

"அந்த நாலும் கணக்கிலை வராதோ அப்பா?"

"விளையாடாததை என்னெண்டு பிள்ளை கணக்கிலை சேர்க்கிறது? கை சரியில்லாட்டித் திருப்பிப் போடுறதுதானே முறை."

கேதீஸ்வரியின் கை துருவலையிலேயே நின்றது.

பின்னறை மேசையிலே அவள் நூறு தடவை கேட்ட வார்த்தை அது. சிவகரன் ஏழு அட்டைகளையும் விரித்துப் பார்ப்பான். உதட்டைச் சுழிப்பான். "விடு, திருப்பிப் போடுவம்" என்பான். எதிரே இருப்பவரும் மறுக்கமாட்டார். நால்வருமே சிறு வயதில் முந்நூற்று நாலு பார்த்துக் கடதாசி பிடிக்கக் கற்றவர்கள். சரியில்லாத கையைத் திருப்பிப் போடுவது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. விதி தெரியாதவர்கள் அல்லர். போட்டி என்று வந்தால் பார்த்துக்கொள்ளலாம், இப்போது நேரம் போகிறது என்று இருந்தார்கள். அட்டைகளைக் கலைத்துப் புதுக்கை எடுக்கும்வரை கேதீஸ்வரியின் விரல்கள் விசைப்பலகைமேல் சும்மா கிடக்கும். விளையாடாத ஆட்டத்தை எழுத என்ன இருக்கிறது?

சோறு ஆறும் வரை அவள் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சின்ன அட்டையை எடுத்துப் பெரிய அட்டையை வைக்க வைக்க, இறக்க ஒன்றும் வராத கைகள் கூடியிருக்கும். வராத கைகள் தாளில் ஏறவில்லை. வந்த கைகள் மட்டுமே ஏறின. வந்தால் பெரிய அட்டைகள் எதிராளியை எரித்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் வெற்றி ஏறியது. ஏறுகிறது என்று அவள் சொன்னாள். அவன் இன்னொன்றை மாற்றினான். நெருப்பை அவன் மட்டும் கட்டவில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. அந்த உண்மைகள் எல்லாம் சேர்ந்து அவனைப் பிழையான வழியிலே கூட்டிக்கொண்டு போயிருந்தன.

புதன்கிழமை அவள் தாளிலே ஒரு நிரலைக் கூட்டிவைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. யாராவது திருப்பிப் போட்டால் அவருடைய பெயருக்கு நேரே ஒரு புள்ளி இட்டாள். சனியும் இட்டாள், அடுத்த புதனும் இட்டாள். எண்ணிப் பார்த்தபோது, சிவகரன் எடுத்த முதற் கைகளில் மூன்றிலொரு பங்கு திருப்பிப் போட்டவை. கோபிகாவுக்கு ஒரேயொரு புள்ளி. அதுவும் அவள் கேட்டதல்ல. அட்டை ஒன்று கீழே விழுந்ததனால் கலைத்தது.

அந்தக் கைகளோடு ஆடியிருந்தால் அவன் எத்தனை தோற்றிருப்பான் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுபத்தொன்று நிற்காது. ஆமையைவிடக் கீழே வந்துவிடும் என்றே அவளுக்குத் தோன்றியது.

பெயர் அனுப்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. சொல்லாமலே விட்டாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. வேறு யாரும் எண்ணவில்லை. கொழும்பிலே போய்த் தோற்றால் அது விளையாட்டு, தோற்பதும் உள்ளதுதான். இப்படியெல்லாம் அவள் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். உண்மையில் அவளுக்கு எல்லாவற்றிலும் மேலாக அலுப்பே இருந்தது. தம்பியின் முகம் விழுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்திருந்தது. கம்பனிக் கடிதம் வந்தபோது பார்த்தாள், கட்டார் முகவரின் தொலைபேசிக்குப் பின் பார்த்தாள், பெண்வீட்டார் திரும்பிப் போன பின்னும் பார்த்தாள். இந்தத் தடவை அந்த முகத்தைத் தானே விழுத்தவேண்டும் என்றால் அதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அதற்கு எங்கே போவது?

வியாழன் காலை பெரிய இயந்திரம் தாளைச் சிக்கவைத்தது. சிவகரன் அதன் வயிற்றைத் திறந்து, கை முழுதும் கரியோடு குந்தியிருந்தான். கடையில் வேறு யாருமில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லு."

"உந்தத் திருப்பிப் போடுற கையள் இருக்குதல்லோ. அதை நான் எழுதுறதில்லை."

"அதை ஏன் எழுதுவான்?"

"கொழும்பிலை திருப்பிப் போட விடமாட்டினம்."

"ஒருக்கா மாத்தலாம்."

"மாத்தினால் மற்றாளுக்கு ரெண்டு காட் கூட. பிறகு வாறதோடை ஆடவேணும். நான் மூண்டு நாளா எண்ணினனான். உனக்கு மூண்டுக்கு ஒண்டு வருகுதில்லை."

அவன் கையிலிருந்த துணியால் ஒரு உருளையைத் துடைத்தான். அது ஏற்கனவே சுத்தமாயிருந்தது.

"எண்ணினனி" என்றான். "எனக்குச் சொல்லாமல்."

"சொன்னால் நீ பார்த்துப் பார்த்து ஆடியிருப்பாய்."

"அப்ப எழுபத்தொண்டு?"

"அது வந்த கையளுக்கு மட்டும். எழுதின எல்லாம் சரிதான். விட்டதுதான் பிழை. விட்டது நான்."

"எழுதாத ஒண்டைக் கொண்டுவந்து எழுதினதை அழிக்கப்போறாய்."

"நான் ஒண்டையும் அழிக்கேல்லை, தம்பி."

"சனிக்கிழமை எல்லாருக்கும் சொல்லப்போறியோ?"

"என்ரை கணக்கை நம்பித்தானே அவையள் முடிவெடுத்தவை" என்றாள்.

"மூண்டு வருசத்திலை," என்றான் அவன், இயந்திரத்தைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்டு கிடைச்சுது. அதையும் என்ரை வீட்டிலையே எண்ணிப் பார்க்கினம்."

இயந்திரத்தை மூடினான். அது வேலைசெய்தது. கை கழுவாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அன்று மாலை கேதீஸ்வரி பஸ்சில்தான் வீட்டுக்குப் போனாள், பண்டத்தரிப்பு வரைக்கும் நின்றபடி. அவன் வீட்டிலே இருந்தான். சாப்பிட்டிருந்தான். அவளுக்கும் மூடி வைத்திருந்தான். ஆனால் கதைக்கவில்லை.

சனி மாலை நால்வரும் வந்தார்கள். சிவகரன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் முன்னே வந்து மேசையைத் துடைத்தவன் அவன்தான். கேதீஸ்வரி தான் எண்ணியதைச் சொன்னாள். நீட்டிச் சொல்லவில்லை. குறைத்தும் சொல்லவில்லை.

"நாங்கள் எல்லாரும்தானே திருப்பிப் போட்டனாங்கள்" என்றார் அருட்செல்வன்.

"அதுதான்" என்றான் பிரகாஸ். "சிவா கேட்க நாங்கள் ஓமெண்டனாங்கள். அக்கா என்ன செய்யிறது?"

கோபிகா தன் அட்டைகளின் விளிம்பை நகத்தால் நேராக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இது வேண்டாம் அக்கா" என்றாள். "சிவா அண்ணை போகட்டும். இப்பிடி எண்ணிப் பார்த்து எனக்கு ஒரு இடம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்றான் சிவகரன். இரண்டு நாளுக்குப் பின் கேதீஸ்வரி கேட்ட அவன் குரல் அது. "விதிப்படி ஆடிப் பார்ப்பம். நீயும் நானும். ஐஞ்சு ஆட்டம். அக்கா எழுதட்டும்."

ஆடினார்கள். முதல் ஆட்டத்திலே நெருப்புக்கு நல்ல கை வந்தது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுக்க முன்னரே வென்றான். இரண்டாவதிலும் வந்தது, வென்றான். பிரகாஸ் கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்கடை மூண்டுக்கு ஒண்டு எங்கை?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அது உண்மையான சிரிப்பு. தன் கணக்குப் பிழைத்திருக்கவேண்டும் என்று அவள் வாழ்க்கையிலே முதல் தடவையாக விரும்பினாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஏழு அட்டைகளையும் எடுத்து விரித்தான். உதட்டைச் சுழித்தான்.

"விடு, திருப்பிப் போடுவம்" என்றான். சொல்லிக்கொண்டே அட்டைகளை மேசையிலே தட்டி ஒன்றாக்கிக் கட்டின்மேல் வைத்துவிட்டான்.

கோபிகாவும் பழக்கத்தில் தன் கையை மூடத் தொடங்கியிருந்தாள். பிறகு அவளுடைய விரல்கள் நின்றன. அருட்செல்வன் விளக்கைப் பார்த்தார். வெளியே பலாலி வீதியிலே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

சிவகரன் கட்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தான். பிறகு தமக்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தன் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்ததைத் தானும் கேட்டுவிட்டவனின் பார்வை அது.

"ரெண்டு காட் எடு" என்றான் கோபிகாவிடம். "நான் மாத்திறன்."

மாற்றினான். மாற்றிய கையிலும் பெரிய விலங்குகளே வந்தன, இறக்க ஒன்றுமில்லை. அவன் அதனோடேயே ஆடினான். ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை எடுத்து, பார்த்து, கையிலே சேர்த்துக்கொண்டு, "உன்ரை முறை" என்றான். ஆமை அவசரமின்றி நகர்ந்து வந்து வென்றது. நாலாவதும் அப்படியே போயிற்று. ஐந்தாவதிலே கை வந்தது. ஆனால் அவன் அதைச் சரியாக ஆடவில்லை.

"மூண்டுக்கு ரெண்டு" என்றான். "கோபிகா, உன்ரை முழுப்பேரைச் சொல்லு. சேர், அனுப்புங்கோ."

"அண்ணை, ஐஞ்சு ஆட்டத்தை வைச்சு…"

"ஐஞ்சை வைச்சுச் சொல்லேல்லை."

அருட்செல்வன் கைப்பேசியை எடுத்தார்.

கோபிகா கொழும்புக்குப் போவதற்கு முன்தினம் சிவகரன் தன் கட்டைப் பிரித்தான். அதிலிருந்து பெரிய அட்டை இரண்டை எடுத்துக் கடித உறையிலிட்டு, "இது உனக்கு உதவும். ரெண்டுக்கு மேலை வைக்காதை" என்று கொடுத்தான். மிகுதியை மேசை லாச்சியிலே போட்டான். பிறகு வந்த நாட்களில் பழையபடி கேதீஸ்வரிதான் அவனைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளிலே இருவரும் ஒன்றும் பேசாமல் போய் வந்தார்கள். சொல்லியது சரியா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சரியென்றே தெரியும். சரியான ஒன்றைச் செய்துவிட்டும் இப்படி அலுப்பாயிருக்கும் என்பதுதான் அவளுக்குப் புதிது.

போட்டி முடிந்த ஞாயிறு, விடுமுறை நாளாயினும், திங்கட்கிழமைக்குக் கொடுக்கவேண்டிய ஆய்வேடுகள் இருந்தபடியால் கடை திறந்திருந்தது. பின்னேரம் கோபிகாவின் அழைப்பு வந்தது.

"ஏழு சுற்று அக்கா. நாலு வெண்டன், மூண்டு தோத்தன். நடுவிலை நிக்கிறன். பெரிசா ஒண்டுமில்லை. ஆமை களைச்சுப் போச்சு."

"நல்லது பிள்ளை. கவனமா வா." கேதீஸ்வரி தாளைத் திறந்து, அவள் சொன்ன வரிசைப்படி ஒவ்வொன்றாக எழுதினாள்.

சிவகரன் கதவோரத்தில் ஆய்வேடொன்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்:

"கை எத்தினை தரம் மாத்தினவளாம்?"

கேதீஸ்வரி கோபிகாவிடம் கேட்டுவிட்டு, கைப்பேசியைச் சற்று விலக்கி, "ஒருக்காத்தானாம்" என்றாள்.

"எழுதினியோ?"

"இப்பத்தான் எழுதுறன்."

அவன் ஓட்டை போடும் கருவியை வைத்துவிட்டு வந்து அவள் கதிரைக்குப் பின்னால் நின்றான். தாளிலே ஆளுக்கொரு பக்கம் உண்டு. திரையிலே கோபிகாவின் பக்கத்தில் புதிய நிரல் இருந்தது. அதற்கு மேலே, தலைப்பிலே, திருப்பிப் போட்டவை என்று எழுதியிருந்தது.

"என்ரை பக்கத்திலையும் அதைப் போடு."

"நான் எண்ணின மூண்டு நாள் மட்டும் இருக்கு. அதுக்கு முந்தியது ஒண்டுமில்லை. எல்லாம் வெறுமையா இருக்கும் தம்பி."

"இருக்கட்டும்."

அவள் போட்டாள். ஒரு வருடத்து ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் நேரே வெறும் கட்டங்கள் மேலிருந்து கீழே நீண்டுகொண்டே போயின. அடியிலே மட்டும் சில புள்ளிகள். அவன் அதை அடிவரை பார்த்தான். பிறகு போய் மிச்ச ஆய்வேடுகளுக்கு ஓட்டை போட்டான். இன்னும் பதினொன்று இருந்தன.